வேசம் கழுவுகிற நேரம்

எனக்கு முதன்முதலில் சேலை உடுத்திவிட்டது என் அம்மா. 1982இல், எனக்கு 14 வயது. முல்லைத்தீவுப் பக்கம் முள்ளியவளையில் எங்கள் பகுதிக்காரர் கோவலன் கூத்துப் பழகத் தொடங்கியிருந்தார்கள். கண்ணகிக்குப் பொடியன் தேடிக்கொண்டிருந்த அண்ணாவியார், கூத்துப் பழக்குகிறவர், கோயிலில் நான் தேவாரம் படித்ததைக் கேட்டுவிட்டு அன்று பின்னேரமே எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். "பிள்ளையை ஒரு ஆறு மாசத்துக்கு என்னட்டைத் தாங்கோ" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா யோசித்தார். அம்மாதான், "அம்மாளின்ரை வேசமெல்லோ, ஆடட்டும்" என்றா.

எங்கள் பக்கத்தில் அது லேசான விசயமில்லை. மதுரையை எரித்த கண்ணகி கோபம் தணிய வந்து தங்கிய பத்தாவது இடம் பக்கத்திலிருக்கும் வற்றாப்பளை என்பது நாங்கள் பாலோடு குடித்த கதை. மாடு மேய்த்த சிறுவர்களிடம் கிழவியாக வந்து தலை பார்க்கச் சொன்னாளாம். தலை முழுக்கக் கண்ணாக இருந்ததாம். வைகாசிப் பொங்கலுக்கு முன்னம் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புத் தண்ணீரிலேயே விளக்கெரிப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கண்ணகியாக ஆடுகிறவன் நாற்பது நாள் மச்சம் தொடக்கூடாது. என்னோடு சேர்ந்து வீடே மரக்கறிதான் சாப்பிட்டது.

குரலுக்கு அண்ணாவியார் தந்த பயிற்சியை இன்றைக்கும் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பின்னேரத்தில் குளக்கட்டில் நிற்கவைத்து, காற்றுக்கு எதிர்முகமாகப் பாடச் சொல்வார். அக்கரையில் மாட்டோடு நிற்கிற ஒருவருக்குச் சொல் விளங்கினால் அவர் கையைத் தூக்கவேண்டும். சத்தம் கேட்பது போதாது, சொல் விளங்கவேண்டும். முதல் கிழமை கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. "சத்தம் தொண்டையிலை இல்லையடா மோனை, தொப்புளுக்குக் கீழை கிடக்கு" என்று வயிற்றில் விரலால் குத்திக் காட்டினார். மூன்றாவது கிழமை அக்கரையில் கை எழும்பியது. ஒலிவாங்கி இல்லாமல் விடிய விடிய ஆடின கூத்தில் என் தொண்டை ஒருநாளும் என்னைக் கைவிடாததற்கு அந்தக் குளக்கட்டுத்தான் காரணம்.

கூத்தன்று சிலம்புக்காக மண்ணில் ஒரு வளையம் செய்து, பொன்வண்ணம் பூசி, உள்ளே குன்றிமணி நிரப்பித் தந்தார்கள். வழக்குரைக்கும் இடத்தில் அதை நிலத்தில் அடிக்கவேண்டும். "உடைக்கேக்கை கையைப் பாராதை, சிலம்பையும் பாராதை. பாண்டியன்ரை கண்ணைப் பார். சிலம்பைச் சனம் பாக்கும்" என்று சொல்லியிருந்தார். அப்படியே செய்தேன். பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் குன்றிமணி சிவப்புச் சிவப்பாக உருண்டு போனது. பாண்டியனாக ஆடினவர் எங்கள் ஊர்ச் சங்கக்கடை மனேச்சர், என்னைத் தூக்கி வளர்த்தவர். அவருடைய கண்ணில் அப்போது தெரிந்த பயம் நடிப்பா உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முன்னுக்கு இருந்த ஆச்சிமார் எழும்பிக் கும்பிட்டார்கள். ஒரு ஆச்சி வந்து காலில் விழுந்தே விட்டா.

விடியப்புறம் மங்களம் பாடி முடிந்ததும் அண்ணாவியார் என்னை ஒருவரோடும் கதைக்கவிடவில்லை. நேரே கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி முகப்பூச்சைத் தன் கையாலேயே துடைத்தார். தலையில் மூன்று வாளி தண்ணீர். ஒவ்வொரு வாளிக்கும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூன்றாம் தரம் நான் "ஓம்" என்ற பிறகுதான் துவாயைத் தந்தார். அழுக்குப் போகக் குளிக்க வார்க்கிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

குரல் உடைந்ததும் கண்ணகி வேசம் இன்னொரு பொடியனுக்குப் போனது. பிறகு நான் கோவலன், அதற்குப் பிறகு காத்தவராயன் கூத்தில் ஆதிகாத்தான். பள்ளிக்கூட நாடகத்தில், வன்னியில் பிறந்த எந்தப் பொடியனையும் போல நானும் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன். எங்கள் ஆசிரியர் ஒத்திகைக்கு முதல் எங்களைச் சைக்கிளில் கற்சிலைமடுவுக்குக் கூட்டிக்கொண்டு போய், 1803 ஒக்டோபர் 31இல் பண்டாரவன்னியனைக் கப்டன் றிபேர்க் தோற்கடித்ததாக வெள்ளைக்காரர் வெட்டி வைத்த கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அதே ஆண்டு ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த மனிதன் அவன். அந்தக் கல்லின் சூடு கையில் இருந்ததால்தான் மேடையில் வாளைத் தூக்கியபோது என் கை நடுங்கவில்லை. போகக்கூடிய இடமென்றால் போய்ப் பார்த்துவிட்டு நடியுங்கள். புத்தகத்தில் படித்ததற்கும் காலில் மண் பட்டதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சனம் உடனே கண்டுபிடித்துவிடும்.

என் அப்பா அடிக்கடி சொல்லும் ஒரு பெயர் காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து. 1989இல் அவர் காலமாகும் முன் ஒரேயொரு தரம் அவர் அரிச்சந்திரனாகப் பாடிக் கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. மயான காண்டத்தில் அவர் குரலைத் தாழ்த்தத் தாழ்த்த, கச்சான் விற்கிற பெண்கூடச் சுளகை வைத்துவிட்டு நின்றா. குரலை ஏற்றி மட்டும் பழகியிருந்த எனக்கு, இறக்கியும் சனத்தைக் கட்டலாம் என்று காட்டியது அந்த இரவுதான்.

1995 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனம் போரால் இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு யாழ்ப்பாணத்துச் சனம் பெருவாரியாக வன்னிக்குள் வந்தது. மரங்களுக்குக் கீழே பள்ளிக்கூடங்கள் நடந்த காலம். வந்தவர்களில் நாடகம் தெரிந்தவர்கள் பலர். நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் ஐயாவின் வழியில் சிறுவர் நாடகம் பழகியிருந்த ஒரு ஆசிரியரிடம்தான் வட்டமாக நின்று மேடையில்லாமல் நடிப்பதை நான் கற்றேன். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம் அது. ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி ஒத்திகை பார்ப்போம். வெளிச்சம் முகத்தில் விழாது, ஆகவே உடம்பால் சொல்லப் பழகினோம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபின் முகாம்களில் இருந்த பிள்ளைகளுக்கு முன்னால் நான் ஆமையாகவும் மரமாகவும் நின்றிருக்கிறேன். கள்ளப்பாடு ஊர்ப் பிள்ளையொன்று என் முதுகில் ஏறி இருந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றது. அன்றைய நாடகம் அவ்வளவோடு முடிந்தது. அதுபோல நிறைவான ஆட்டம் எனக்கு வேறு இல்லை.

2009 மாசியில், கடைசிப் போருக்குள் ஓடிக்கொண்டிருந்தபோது, தேவிபுரத்தில் ஒரு கிடங்கு வெட்டி, முடியும் மார்புப் பதக்கமும் சதங்கையும் கூத்துக் கொப்பியும் இருந்த தகரப்பெட்டியைத் தாட்டோம். எங்கள் மத்தளக்காரர் மாத்தளனில் இல்லாமற்போனார். 2011இல் திரும்பிப் போனபோது கிடங்கு இருந்தது, பெட்டி இல்லை.

கொப்பி போனாலும் கூத்துப் போகவில்லை என்றால் அதற்குக் காரணம் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் எங்களுக்குப் பக்கத்துக் கூடாரத்தில் இருந்த ஒரு முதியவர். ஒரு காலத்தில் பிற்பாட்டுக்காரர். தண்ணீர் வரிசையில் நிற்கும்போது கோவலன் வரவுப்பாட்டை முணுமுணுத்தார். நான் அடுத்த வரியை எடுத்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு நிவாரணத்தில் வந்த 80 தாள் கொப்பியொன்றில் ஒவ்வொரு நாளும் எழுதத் தொடங்கினோம். அவருக்குப் பாட்டு வரிசையாக நினைவில்லை. தாளத்தைக் கையால் தட்டினால்தான் சொல் வரும். ஆகவே நான் வாளியில் தட்ட அவர் பாட, என் மகள் எழுதினாள். 61 பாட்டு மீண்டது. மாதவியின் பகுதியில் பாதி இன்னும் கிடைக்கவில்லை.

கூத்துக் கொப்பி வைத்திருக்கிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: இன்றைக்கே போனில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள், ஒரு வீடு தூரத்தில் இருக்கட்டும். எழுத்து மட்டும் போதாது, மெட்டுத் தாளில் நிற்காது. ஒரு முதியவரை இருத்திப் பாடவைத்துப் பதியுங்கள். நாளைக்கு என்று விடாதேயுங்கோ.

கமராவுக்கு முன் நான் வந்தது 2013இல், 45ஆவது வயதில். கிளிநொச்சிப் பொடியள் சிலர் குறும்படம் எடுக்கத் தகப்பன் பாத்திரத்துக்கு ஆள் தேடி வந்தார்கள். முதல் சொட் எடுத்ததும் கமரா பிடித்த தம்பி எனக்கு அதைப் போட்டுக் காட்டினான். கடிதத்தைப் படித்துவிட்டுத் திடுக்கிடவேண்டும். என் புருவம் கூரைக்கு ஏறியிருந்தது, வாய் திறந்திருந்தது, தோள் இரண்டும் எழும்பியிருந்தன. "அண்ணை, குளத்துக்கு அங்காலை நிக்கிறவருக்கு நடிக்கிறியள். நான் இந்தா, உங்கடை மூக்குக்கு முன்னாலை நிக்கிறன்" என்றான். முப்பது வருசம் பழகினதை ஒரு பின்னேரத்தில் இறக்கிவைக்கச் சொல்கிறான் என்று முதலில் மனம் நொந்தது. பிறகு வைரமுத்து ஐயா குரலை இறக்கியது நினைவு வந்தது. அதே வேலைதான், இன்னும் பத்து மடங்கு கீழே.

நான் கண்டுபிடித்த வழி இது. கூத்தில் செய்வதைப் போலவே முழுதாக, பெரிதாக ஒருக்கால் தனியே நடித்துப் பார்த்துவிடுவேன். உடம்புக்கு அது தெரிந்துவிடும். பிறகு கமராவுக்கு முன் அதை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொண்டு கண்ணை மட்டும் திறந்து விடுவேன். உள்ளே ஒன்றும் இல்லாமல் சும்மா அசையாமல் நிற்பதற்கும், உள்ளே நிரம்பியிருந்து அசையாமல் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் படத்தில் தெள்ளத்தெளிவாகத் தெரியும்.

இன்னொரு சிக்கல் வரிசை. கூத்தில் வரவிலிருந்து மங்களம் வரைக்கும் கதை ஒழுங்காகப் போகும், இரவும் கூடவே நகரும். படத்தில் முதல் நாளே சாவீட்டை எடுத்துவிட்டு, பத்தாம் நாள் கலியாணத்தை எடுப்பார்கள். இதற்கு ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். கதை ஒழுங்கில் காட்சிகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே மூன்று விசயம் குறிப்பேன்: இந்த மனிதன் கடைசியாக எப்போது சாப்பிட்டான், எப்போது நித்திரை கொண்டான், இப்போது எங்கேயிருந்து நடந்து வருகிறான். இந்த மூன்றும் தெரிந்தால் எந்தக் காட்சியை எந்த நாளில் எடுத்தாலும் தடுமாற்றமில்லை. தேத்தண்ணிக் கோப்பை எந்தக் கையில் இருந்தது, சாரம் எப்படி மடித்துக் கட்டியிருந்தது என்பதையும் எழுதுங்கள். உதவி இயக்குநர் குறித்துக்கொள்வார் என்று நம்பியிருக்க வேண்டாம். எங்கடை படங்களில் அவரேதான் சோறும் கொண்டுவருகிறார்.

வசனத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். எழுதித் தருகிற பிள்ளைகள் இந்தியப் படம் பார்த்து வளர்ந்தவர்கள். "சாப்டீங்களா, என்னாச்சு" என்று எழுதியிருப்பார்கள். வட்டக்கச்சியில் வயல் செய்கிற மனிசன் "சாப்பிட்டனீங்களோ" என்றுதான் கேட்பான். இதை இயக்குநரோடு தனியாக இருக்கும்போது, முதல் நாளுக்கு முன்னமே கதையுங்கள். எல்லாருக்கும் முன்னால் திருத்தினால் அந்தப் பொடியனுக்கு முகம் போய்விடும்.

காசு விசயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வன்னியில் நடிப்பை மட்டும் நம்பி வாழ்கிற ஒருவரையும் எனக்குத் தெரியாது. எனக்கு இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. பெரும்போக அறுவடைக்கு நாள் கொடுக்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். ஒரு படத்துக்கு 18 நாள் வேலை செய்து, கடைசியில் போன் எடுப்பாரில்லாமல் வெறுங்கையோடு நின்றேன். என்னோடு நடித்த ஒரு தங்கச்சி பஸ் காசுக்குத் தோட்டை அடைவு வைத்திருந்தாள் என்று பிறகு தெரிந்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. அதற்குப் பிறகு, ஒற்றைத் தாளில் நாள், சம்பளம், சாப்பாடு, போக்குவரத்து நாலையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால்தான் போவேன். பாதி முன்காசு. பெண்பிள்ளைகள் நடிக்கிறார்கள் என்றால் பொழுதுபடமுன் வீட்டில் கொண்டுவந்து விடுவதும் அந்தத் தாளில் இருக்கவேண்டும். தெரிந்த பொடியள்தானே என்று தாளை விட்டுவிடாதேயுங்கோ. தாள் இருந்தால் தெரிந்தவர்கள் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள்.

2016இல் வெளிநாட்டுக் காசில் ஒரு பெரிய படம் முல்லைத்தீவுக் கரையோரம் எடுத்தார்கள். எனக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற தகப்பன் வேசம். துணியில் சுற்றிய பொம்மையைத் தந்தார்கள், தலையணைப் பாரம்கூட இல்லை. கைக்குப் பாரம் தெரியாவிட்டால் முகத்துக்கும் தெரியாது என்பதால், நானே கேட்டு 12 கிலோ அரிசியைக் கட்டி உள்ளே வைக்கச் சொன்னேன். தொழில் தெரிந்தவன் என்ற நினைப்பில் செய்தேன். தூக்கினபோதே என் கைக்குத் தெரிந்துவிட்டது, இது எந்தப் பாரம் என்று. 2009இல் என் அக்காவின் பேரனை அப்படித்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். இறக்கிவைக்கும்போது அவன் உயிரோடு இல்லை.

முதல் தரமே சரியாக வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் ஏழு தரம் எடுத்தார்கள். கூட்டத்துக்குப் பக்கத்து ஊர்ச் சனத்தையே பிடித்திருந்தார்கள். அவர்களில் ஓடாமல் வந்தவர் ஒருவரும் இல்லை. ஒலிபெருக்கியில் வெடிச்சத்தத்தைப் போட்டபோது ஒரு அம்மா குப்புற விழுந்து தலையை மூடிக்கொண்டா. "கட்" சொன்ன பிறகும் எழும்பவில்லை. இயக்குநர் அதை நல்ல நடிப்பு என்று நினைத்துக் கை தட்டினார். கெட்ட மனிதரில்லை, அவருக்குத் தெரியவில்லை. நான் போய்த் தூக்கினேன். "தம்பி, முடிஞ்சுதோ? வீட்டை போகலாமோ?" என்று கேட்டா.

வீட்டுக்கு வந்த பிறகும் நான் அந்தக் கரையிலேயே நின்றேன். ஒரு மாதத்துக்கு மேல் நித்திரையில்லை. பேரப்பிள்ளை படுத்திருந்தால் மூக்கடியில் விரல் வைத்து மூச்சுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோற்றைக் கண்டால் வயிறு புரட்டியது, அரிசி அல்லவா. ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியரிடமும் போனேன். போனதில் எனக்கு வெட்கம் இல்லை, குளிசையும் உதவியது. ஆனால் திரும்பிவந்த நாள் எதுவென்று எனக்குத் தெரியும். ஒரு விடியப்புறம் என் மனிசி என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனா. கையில் எண்ணெய்ப் போத்தல். அண்ணாவியார் வார்த்த கதையை எத்தனையோ தரம் அவவுக்குச் சொல்லியிருந்தேன். முகத்தில் எண்ணெய் தேய்த்து, முதல் வாளியை வார்த்துவிட்டு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா. 25 வருசக் குடித்தனத்தில் "இஞ்சாருங்கோ" தவிர அவவின் வாயில் வேறொன்றும் வந்ததில்லை. மூன்றாம் வாளிக்குத்தான் எனக்கு "ஓம்" வந்தது. பிறகு இரண்டு பேரும் அந்தக் கட்டிலேயே இருந்து அழுதோம்.

வேசம் கட்டுவதற்கு எங்களுக்கு நாற்பது நாள் விரதம் இருந்ததைப் போல, கழற்றுவதற்கும் ஒரு முறையை எங்கள் ஆட்கள் வைத்திருந்தார்கள். கமராவோடு அது வரவில்லை. "பக்கப்" என்று கத்திவிட்டு லைட்டைக் கழற்றத் தொடங்கிவிடுகிறார்கள். பாத்திரத்தை உடம்பில் வைத்துக்கொண்டே நடிகன் பஸ் ஏறுகிறான். அதனால் இப்போது நான் எந்தப் படத்துக்கும் போகமுன் இவற்றைப் பேசிக்கொள்கிறேன். எங்கள் சனம் பட்டதை எடுப்பதென்றால் வெடிச்சத்தத்தை அந்த இடத்தில் போடக்கூடாது, பிறகு சேர்த்துக்கொள்ளட்டும். கூட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் என்ன எடுக்கப்போகிறோம் என்று முதல் நாளே வீட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டும், வரமாட்டேன் என்றால் வற்புறுத்தக்கூடாது. பாரமான காட்சி இரண்டு தரத்துக்கு மேல் வேண்டாம். முடிந்ததும் அரை மணித்தியாலம், தண்ணீர், எண்ணெய், சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட வீட்டாளாக ஒருவர். இதற்குச் சம்மதிக்காமல் போன படங்கள் இரண்டு உண்டு. போகட்டும்.

என் சொந்தத் துயரை எடுத்து நடிக்கலாமா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. பக்கத்து வீட்டுத் துயரை எடு என்றுதான் சொல்கிறேன். கண்ணகியின் துயர் எனக்குச் சொந்தமில்லை. அதனால்தான் 14 வயதில் அதை முழுதாகத் தூக்கவும் முடிந்தது, விடிய இறக்கிவைக்கவும் முடிந்தது.

போன வருசம் நாடகமும் அரங்கியலும் படிக்கிற உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஒரு குறும்படம் எடுத்தார்கள். காணாமற்போன மகனைத் தேடுகிற தாயாக ஒரு 18 வயதுப் பிள்ளை. படத்தோடு தெருவில் இருக்கிற காட்சி. இரண்டாம் தரத்தில் எல்லோரும் வாயடைத்து நின்றார்கள். முடிந்த பிறகும் அந்தப் பிள்ளை படத்தை நெஞ்சிலிருந்து எடுக்கவில்லை, கண் எங்கேயோ நின்றது. முதல் நாளே சொல்லி வைத்திருந்தபடி தாய்க்காரி வந்து வேலியோரம் நின்றா, கையில் எண்ணெய்ப் போத்தலோடு. படத்தை மெதுவாக வாங்கி வைத்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தா. நான் கிணற்றில் வாளியை இறக்கினேன்.